தாமிரபரணி ஓரமாவே ஊர் ஊரா போகலாம்னு பிளான் – குற்றாலம் இல்லாம என்ன பாக்கலாம்?

சிறுவாணித்தண்ணி
வணக்கம்ங்க எல்லாருக்கும். பொங்கல் லீவுக்கு திருநெல்வேலி பக்கம் போலாம்னு வீட்ல முடிவாயிடுச்சுங்க. நான், வீட்டுக்காரம்மா, அப்பா அம்மா, மூணாவது படிக்கிற பொண்ணு. யார கேட்டாலும் குற்றாலம், அல்வா, திருச்செந்தூர், கன்னியாகுமரி, முடிஞ்சுது கதைங்கிறாங்க. எனக்கு என்னமோ அப்படி ஓடி ஓடி பாக்கறதுல இஷ்டமே இல்லைங்க. மலைல இறங்குற எடத்துலருந்து கடல்ல சேர்ற வரைக்கும் ஆத்த ஒட்டியே போயி, வழில இருக்கற சின்ன சின்ன ஊர்கள பாத்துட்டு வரலாம்னு ஒரு ஆசை. ஒரே மாவட்டத்து மலைல பொறந்து பக்கத்து மாவட்டத்து கடல்ல விழுது, மொத்தமே 128 கிலோமீட்டர் சொச்சம்தான்னு படிச்சேன், அப்ப இது முடியற காரியம்தானே?

அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப படி ஏற முடியாது. அம்மாவுக்கு நவதிருப்பதி, அந்த ஒம்பது பெருமாள் கோயிலும் பாத்தே ஆகணும். பொண்ணுக்கு தண்ணி இருந்தா போதும். எங்க தங்கறது, எதை விடறது, கொஞ்சம் சொல்லுங்க.

அம்பை_அண்ணாச்சி
வாங்க தம்பி. குத்தாலத்த விட்டுட்டு வாரேன்னு சொன்னிய பாத்தியளா, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

மொதல்ல ஒரு விஷயம், மேப்புல பாபநாசம்னு போட்டா கும்பகோணம் பக்கத்து பாபநாசத்துக்கு கூட்டிட்டு போயிரும், போன வருசம் ஒரு குடும்பம் ரூமு புக் பண்ணிட்டு இங்கன வந்து நிக்காவ, ரூமு அங்கன தஞ்சாவூர்ல இருக்கு. அதனால விக்கிரமசிங்கபுரம்னு தேடுங்க, நாங்க வி.கே.புரம்னு சொல்லுவோம், அதத் தாண்டுனா பாபநாசம்.

தங்குறதுக்கு அம்பாசமுத்திரம்தான் தோது, அம்பைன்னு சொல்லுவோம். ஒருபக்கம் பாபநாசம், ஒருபக்கம் மணிமுத்தாறு, ஆத்துக்கு அக்கரைல கல்லிடைக்குறிச்சி, எல்லாம் ஆட்டோ தூரம். பொங்கல் சமயத்துல பிசானப் பருவத்து நெல்லு நட்டு வயலு பூரா பச்சையா நிக்கும், பின்னாடி பொதிகை மலை, காலைல மேகம் பாதி மலைய மூடி இருக்கும். அதப் பாக்க டிக்கெட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி பாலத்துல நின்னா போதும். உங்க ஊர்ல இட்லிக்கு ஏ.எஸ்.டி. 16 அரிசி வாங்குவியள்லா, அந்த ஏ.எஸ்.டி. எங்க ஊருதான் தம்பி, இங்க இருக்க நெல் ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்குன ரகம்.

பாபநாசத்துல கோயில் முன்னாடியே படித்துறை, அப்பாவுக்கு கஷ்டம் இருக்காது. பொரி வாங்கிப் போட்டா மீனு கூட்டம் கூட்டமா வந்து கால மொய்க்கும், பாப்பா அங்கனயே உக்காந்துரும், கிளப்புறதுதான் கஷ்டம். அகஸ்தியர் அருவில வருசம் பூரா தண்ணி விழும், அதுக்குப் போற வழிலயே செக்போஸ்ட், புலிகள் காப்பகம், பிளாஸ்டிக் ஒண்ணும் கொண்டு போக விடமாட்டான், பைய தொறந்து பாப்பான். சொரிமுத்து அய்யனார் கோயில் காட்டுக்குள்ள ஆத்தங்கரைல இருக்கு, சாயங்காலத்துக்குள்ள கீழ இறங்கிரணும்.

பாசஞ்சர்_பயணி
கார்ல வராதீங்கனு சொல்லத்தான் லாகின் பண்ணேன் 🙂

இந்த ஆறு ஒரு விஷயத்துல கொடுத்து வச்சது. திருநெல்வேலிலேருந்து மேற்க செங்கோட்டை லைன், கிழக்க திருச்செந்தூர் லைன், ரெண்டும் சேர்ந்து பாத்தா கிட்டத்தட்ட ஆத்தோடவே போற மாதிரி வரும். செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறுனா பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், அப்புறம் கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சினு வரிசையா நீங்க பாக்கணும்னு சொல்ற ஊரெல்லாம் ஸ்டேஷனாவே வரும். திருச்செந்தூர் வண்டில பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர். டிக்கெட் ஒரு டீ வடை காசுக்குள்ள முடிஞ்சிரும்.

அம்பை போகும்போது இடது பக்க ஜன்னல் புடிங்க. கல்லிடைக்குறிச்சி விட்டதும் வண்டி ஆத்து பாலம் ஏறும், கீழ துணி துவைக்கிறவங்க நிமிந்து பாப்பாங்க, பின்னால மலை. சில நொடிதான். போன் எடுத்து லாக் திறக்கறதுக்குள்ள போயிரும், அதனால வீடியோவ முன்னாடியே ஆன் பண்ணி வச்சுக்கோங்க.

கல்வெட்டுக்கிறுக்கி
பாபநாசம் அருவினு மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க ப்ளீஸ். அம்பையைச் சுத்தி ஒரு ஆட்டோ தூரத்துல இருக்கற கோயில்கள் எல்லாம் தஞ்சாவூர் பக்கத்துல இருந்திருந்தா பஸ் பஸ்ஸா வந்து நிக்கும், இங்க மத்தியானம் போனா குருக்களும் ஒரு ஆடும் இருக்கும் அவ்ளோதான்.

மன்னார்கோயில், சோழ ராஜேந்திரன் காலத்துல சேர மன்னன் கட்டினது, ராஜேந்திர சோழ விண்ணகர்னு கல்வெட்டுல பேரு. விமானத்துல மேல மேல மூணு சன்னிதி, நின்னது இருந்தது கிடந்ததுனு. குலசேகராழ்வார் கடைசி காலம் இங்கதான்னு சொல்லுவாங்க. பக்கத்துலயே பிரம்மதேசம் கைலாசநாதர், வாசல்ல நுழையும்போதே ஊருக்கும் கோயில் சைஸுக்கும் சம்மந்தமே இல்லயேன்னு தோணும். அம்பைலருந்து ரெண்டுமே ரொம்ப கிட்ட.

ஆனா ஒண்ணே ஒண்ணுதான் பாக்க நேரம் இருக்குன்னா நான் திருப்புடைமருதூர் தான் சொல்வேன், கண்ண மூடிட்டு. கடனா நதி வந்து தாமிரபரணில சேர்ற எடம். நாறும்பூநாதர் கோயில். லிங்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஆத்துல வெள்ளம் வந்து அக்கரைல மாட்டிக்கிட்ட கருவூர்ச் சித்தர் கூப்பிட்டது காதுல விழறதுக்காக சாமி தலைய சாச்சாராம். அது கதை. நான் சொல்ல வந்தது கோபுரம். உள்ள மாடிக்கு மாடி மரத்தூண், மர விதானம், சுவர் பூரா ஓவியம். யுத்தக் காட்சி ஒரு பக்கம் நீளமா போகும், இன்னொரு பக்கம் ஒரு கப்பல், அதுல அரபு வியாபாரிங்க குதிரைய ஏத்திட்டு வராங்க, குதிரைங்க தலைய மட்டும் நீட்டிட்டு வரிசையா நிக்குது. டார்ச் வெளிச்சத்துல அந்த சிவப்பு மெல்ல மெல்ல தெரிய ஆரம்பிக்கும் பாருங்க, வேற லெவல். கோபுரம் எப்பவும் திறந்திருக்காது, கோயில்ல பொறுமையா கேக்கணும், படி செங்குத்து குறுகல் இருட்டு, அப்பாவ கீழ உக்கார வச்சிடுங்க. சுவத்துல கைய வைக்காதீங்க, பிளாஷ் போடாதீங்க.

சிறுவாணித்தண்ணி
ஏனுங்க இவ்ளோ இருக்கா?? நான் ரெண்டு அருவி நாலு கோயில்னு நினைச்சுட்டு இருந்தேன். திருப்புடைமருதூர் குறிச்சுக்கிட்டேன். அப்பா கீழ உக்காந்தா அவருக்கு பொழுது போகுமாங்க?

நாரைநோக்கி
போகும் சார், நல்லாவே போகும். கோயில சுத்தி இருக்க மருத மரத்துல அண்ணாந்து பாக்க சொல்லுங்க. ஜனவரில மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு, நீர்க்காகம்னு மரம் நிறைய உக்காந்திருக்கும். 2005ல இந்த ஊர பறவைகளுக்கான கன்சர்வேஷன் ரிசர்வ்னு அறிவிச்சாங்க, ஊர்க்காரங்களே சேர்ந்து பாத்துக்கிற மாதிரி ஏற்பாடு. கூட்டுலேருந்து குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வச்சு பாத்துக்குவாங்க, வெடி போட மாட்டாங்க. மரத்துக்கு நேர் கீழ மட்டும் நிக்காதீங்க, சட்டை காலி. மீன் வாசனையோட வரும் 😀

காலைல வெயில் ஏறதுக்கு முன்ன இல்ல சாயங்காலம். நடுப்பகல்ல பாதி பறவை இரை தேடி வயலுக்கு குளத்துக்கு போயிடும்.

தென்காசி_சாரல்
ஒரு நிமிஷம். எல்லாரும் குத்தாலத்த ஏதோ தீண்டாத எடம் மாதிரி பேசுறீங்களே. மெயினருவில கூட்டம் உண்டு, ஷாம்பு பாக்கெட் உண்டு, ஒத்துக்கிடுதேன். ஆனா சீசன் இல்லாத நாள்ல வந்து சித்திரசபை பாத்திருக்கீங்களா யாராச்சும்? சபை பூரா சுவரோவியம், உள்ள யாருமே இருக்க மாட்டாங்க. சிற்றாறும் தாமிரபரணில வந்து சேர்றதுதானே, அப்ப எங்க ஊரும் அந்த ஆத்து கணக்குலதான வரும். ஜனவரினா சாரல் எல்லாம் கிடையாது, அருவில தண்ணி எவ்ளோ இருக்கும்னு மழைய பொறுத்து, அதுக்காக ஊரயே பிளான்லேருந்து வெட்டி எறியணுமா.

அம்பை_அண்ணாச்சி
ஏ தென்காசி, கோவப்படாதீரும். சித்திரசபைக்கு நான் எதிரியா? ஆனா அவுக வயசான ரெண்டு பேர கூட்டிட்டு பிள்ளைய வச்சுக்கிட்டு வாராவ, மேற்க தென்காசி கிழக்க கடல்னு இழுத்தா பாதி நேரம் வண்டிலதான் போவும். ஜூன் ஜூலைல தனியா வரட்டும், சாரல் அடிக்கும்போது உம்ம வீட்லயே தங்கட்டும், போதுமா.

தென்காசி_சாரல்
தங்கட்டும். சோறும் போடுதோம்.
தம்பி, போற வழில கடையமாச்சும் இறங்குங்க. பாரதியார் பொண்டாட்டி செல்லம்மா ஊரு, 1918ல ஜெயில்லேருந்து வந்தப்புறம் ரெண்டு வருஷம் போல இங்கதான் இருந்தாரு. நித்யகல்யாணி அம்மன் கோயில் ஊருக்கு வெளிய மலையடிவாரத்துல, அமைதியா இருக்கும்.

கரையோரக்_குரல்
எல்லாம் சூப்பர். ஒருத்தராவது பாதுகாப்பு பத்தி எழுதுவீங்கனு பாத்தேன். குழந்தையோட வர்றவருக்கு மீன் வருது, குருவி வருதுனு சொன்னா போதுமா?

இந்த ஆறு பாக்க சாதுவா இருக்கும். பாறைக்கு நடுவுல பள்ளம், பாசி, அடியில இழுக்கும். டேம்ல தண்ணி திறந்தா மேல மழையே இல்லாம கூட மட்டம் ஏறும். கல்யாண தீர்த்தம்னு அகஸ்தியர் அருவிக்கு மேல இருக்கு, 1925ல வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவில குருகுலம் நடத்திட்டு இருந்தவரு, பாபநாசம் வந்த எடத்துல தண்ணில விழுந்த மகள் சுபத்திராவ காப்பாத்தக் குதிச்சு ரெண்டு பேருமே போயிட்டாங்க. நூறு வருஷம் ஆச்சு, இன்னமும் வருஷா வருஷம் யாராவது ஒரு வெளியூர் பையன் பேரு பேப்பர்ல வருது. உள்ளூர் ஆளுங்க குளிக்கிற படித்துறைல மட்டும் குளிங்க, ஆளில்லாத எடம் அழகா இருக்கேன்னு இறங்காதீங்க.

இன்னொண்ணு. பாபநாசத்துல பரிகாரம்னு சொல்லி கட்டின துணிய ஆத்துல விடச் சொல்லுவாங்க. தயவு செஞ்சு விடாதீங்க. தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையா அள்ளிக்கிட்டே இருக்காங்க, மறுநாளே திரும்ப அதே கதை. கீழ திருநெல்வேலி டவுன் வந்துட்டா சாக்கடை நேரா கலக்குது, 2024ல ஹைகோர்ட் மதுரை கிளை நீதிபதிகளே நேர்ல வந்து பாத்துட்டு போனாங்க. மேல அம்பைல கைல அள்ளி குடிச்ச மாதிரி குறுக்குத்துறைல குடிச்சிடாதீங்க. அழகு அழகுனு மட்டும் எழுதறது எனக்கு ஒப்பல.

அம்பை_அண்ணாச்சி
கரையோரம் சொல்றது அம்புட்டும் சரி. கூட ஒண்ணு, பாப்பாவ படித்துறைல கடைசி படிக்கு மேல வச்சே குளிப்பாட்டுங்க, கைய விடாம. அருவில கம்பி தாண்ட வேண்டாம்.

ஆனா ஆத்தப் பத்தி பேசுனா அழுக்க மட்டும் பேசணும்னு இல்லய்யா. எட்டு அணைக்கட்டு இருக்கு இந்த ஆத்துல, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசில ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் ஒண்ணுதான் வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது, மத்ததெல்லாம் அதுக்கு முந்தியே நம்ம ஆளுக போட்டது. இன்னைக்கும் அந்தக் கால்வாய்ல வார தண்ணிலதான் எங்க வயலு விளையுது. தம்பி நேரம் இருந்தா ஏதாவது ஒரு அணைக்கட்டுல போய் பத்து நிமிசம் நில்லுங்க, தண்ணி அகலமா விரிஞ்சு கல்லு மேல வழியுற சத்தம் கேக்கும், கோயிலு பாத்து அலுத்தவனுக்கு அது மருந்து.

புல்லட்_ராஜபார்வை
ப்ரோ மாஞ்சோலை யாரும் சொல்லல? ரீல்ஸ்ல பாத்தேன் செம்மயா இருக்கு, மணிமுத்தாறு வழியா பைக்ல ஏறலாமா?

கரையோரக்_குரல்
நினைச்ச நேரத்துக்கு பைக்க எடுத்துட்டு ஏற முடியாது, காப்பகத்துக்குள்ள இருக்கு. வனத்துறை அனுமதி நிலவரம் அடிக்கடி மாறுது, அம்பைல வனத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு கிளம்புங்க. மணிமுத்தாறு டேமும் அருவியும் வேணா தனியா பாக்கலாம், அதுவும் அன்னன்னிக்கு தண்ணி வரத்து பாத்துதான் விடுவாங்க.

அப்புறம் அது வெறும் வியூபாயிண்ட் இல்ல ப்ரோ. 1929லேருந்து குத்தகைக்கு எடுத்து நடத்துன தேயிலை எஸ்டேட், தலைமுறை தலைமுறையா அங்க வேலை பாத்த ஜனங்களுக்கு 2024ல கம்பெனி வேலைய முடிச்சு விட்டுருச்சு, வீட்ட காலி பண்ணச் சொல்லி கேஸ் கோர்ட்டுனு போச்சு. 1999 ஜூலை 23ல அந்தத் தொழிலாளர்களுக்காக திருநெல்வேலில போன ஊர்வலத்துல போலீஸ் தடியடி, ஆத்துக்குள்ள ஓடுனவங்கள்ல 17 பேர் செத்தாங்க. கொக்கிரகுளம் கிட்ட, இதே தாமிரபரணில. ரீல்ஸ்ல அது வராது.

புல்லட்_ராஜபார்வை
தெரியாது ப்ரோ. கேட்டுட்டே போறேன்.

பெருங்குளம்_பேத்தி
நவதிருப்பதிக்கு நான் வந்தாச்சு 🙋 தாத்தா ஊர் பெருங்குளம்.

டிராவல்ஸ்காரங்க ஒரே நாள்ல ஒம்பதும் முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லுவாங்க. முடியும்தான். ஆனா எப்படின்னா, இறங்கு ஓடு கும்பிடு ஏறு. அம்மாவுக்கு அதுல என்ன திருப்தி இருக்கும்? பிரச்சனை தூரம் இல்ல, எல்லாம் பக்கத்து பக்கத்து ஊர்தான், பிரச்சனை நடை சாத்தறது. உச்சி வேளைக்கு சாத்துனா சாயங்காலம்தான் திறப்பாங்க, சின்னக் கோயில்கள்ல ஒரே பட்டர் ரெண்டு கோயில் பாக்கறதும் உண்டு, அவர் வர்ற வரைக்கும் திண்ணைல உக்காரணும்.

அதனால ஆத்துக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம்னு பிரிச்சுக்கோங்க. வடகரைல ஸ்ரீவைகுண்டம், அதுக்கு பக்கத்துலயே நத்தம், திருப்புளியங்குடி, கொஞ்சம் உள்ள தள்ளி பெருங்குளம், அப்புறம் இரட்டைத் திருப்பதி, அது ரெண்டு கோயில் ஒரே இடத்துல. தென்கரைல ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை. காலைல ஒரு கரை, சாயங்காலம் ஒரு கரை. திருப்புளியங்குடில பெருமாள் சயனத்துல நீளமா இருப்பார், பாதத்த வெளிப்பிரகாரத்து ஜன்னல் வழியா தனியா சேவிக்கணும், நிறைய பேர் அது தெரியாம வந்துடறாங்க.

ஆழ்வார்திருநகரில அவசரப்படாதீங்க. நம்மாழ்வார் இருந்த புளியமரம் உள்ள இருக்கு, உறங்காப் புளினு சொல்லுவா. கல்லுல செஞ்ச நாதஸ்வரம் ஒண்ணும் அந்தக் கோயில் சொத்து. மார்கழி அத்யயன உற்சவ சமயம்னா அரையர் சேவை, பாசுரத்த அபிநயத்தோட பாடறது, நடக்கும், தமிழ்நாட்டுல அது இன்னும் உயிரோட இருக்கற இடங்க ரொம்ப கம்மி. ஒம்பது கருடன் ஒண்ணா வர்றது வைகாசில, அதுக்கு தனியா ஒரு தடவை வரணும். புரட்டாசி சனிக்கிழமைனா திருநெல்வேலிலேருந்து ஸ்பெஷல் பஸ் கூட விடுவாங்க, பொங்கலுக்கு நீங்களே வண்டி பாத்துக்க வேண்டியதுதான்.

கல்வெட்டுக்கிறுக்கி
பேத்தி, சிவன் கோயில்காரங்க கோவிச்சுக்கப் போறாங்க 😄 இதே ஆத்தோரத்துல நவகைலாயமும் இருக்கே. பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். மலையடிவாரத்துல ஆரம்பிச்சு கடலுக்கு கிட்ட முடியும், கேள்வி போட்டவர் கேட்ட ரூட்டே இதுதான். எல்லாத்தையும் பாக்கணும்னு இல்ல, ரூட் மேப்பா வச்சுக்கலாம்.

திருநெல்வேலிலேருந்து கிழக்க போகும்போது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில விடாதீங்க. நாயக்கர் காலத்து சிலைகள், ஆள் உயரத்துக்கும் மேல, ஒவ்வொண்ணும் ஒத்தக் கல்லு. குறவன் தோள்ல ராஜகுமாரி உக்காந்திருப்பா, அவன் விலா எலும்பு, கால் நரம்பு புடைச்சது வரைக்கும் கல்லுல தெரியும். கிட்ட போய் நகத்தப் பாருங்க. உங்க பொண்ணு கூட வாயப் பொளக்கும்.

ஏரல்_மாப்ள_துபாய்
எல்லாரும் அம்பை பக்கமே பாசம் காட்டுறீங்க, கீழ இருக்க நாங்கல்லாம் ஆத்தங்கரை இல்லயா மக்கா.

ஆதிச்சநல்லூர் யாருமே சொல்லல, செத்தவங்கள தாழில வச்சு புதைச்ச பழங்காலத்து இடுகாடு. கிருஷ்ணாபுரம் தாண்டி அதே திருச்செந்தூர் ரோட்ல. 1876ல ஜெர்மன்காரர் ஜாகோர் தோண்டி பெர்லினுக்கு கொண்டு போனாரு, அப்புறம் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டுனாரு, நாங்க சின்னப் பிள்ளைல அது வெறும் பரம்பு மேடு, பனைமரம், ஆடு மேய்ப்பாங்க. இப்போ தோண்டுன குழியிலயே தாழியெல்லாம் அப்படியே விட்டு மேல கண்ணாடி தளம் போட்ருக்காங்க, 2023லேருந்து. காலுக்கு கீழ தாழி தாழியா வாயத் தொறந்துட்டு இருக்கும், நடக்கும்போது ஒரு மாதிரி கூசும். அப்பாவுக்கு படி பிரச்சனை இல்ல. பக்கத்துல சிவகளைல கெடச்ச நெல்லு 3,200 வருஷம் பழசுனு 2021ல சொன்னாங்க. ரெட்டியார்பட்டி மலைகிட்ட பொருநை மியூசியமும் கட்டிருக்காங்க.

அப்படியே கொற்கை. பாண்டியன் துறைமுகம், முத்து குளிச்ச ஊரு. போய் நின்னா கடல் எங்கடானு கேப்பீங்க, வாழைத் தோட்டமும் ஒரு குளமும் ஒரு பழைய வன்னி மரமும்தான். ஆறு மண்ண கொண்டாந்து கொட்டிக் கொட்டி கடல் கிலோமீட்டர் கணக்குல தள்ளிப் போயிருச்சு. ஒண்ணும் இல்லாத எடத்துல நின்னு யோசிக்கிற ஆளுக்குத்தான் அது, பொண்ணு போரடிக்கும்னு சொல்லும்.

ஆத்தூர் வெத்தல இப்போ புவிசார் குறியீடு வாங்கிருச்சு தெரியுமா, கொடிக்கால் நிழலா ஜில்லுனு இருக்கும். கடைசியா புன்னக்காயல், ஆறு பல கையா பிரிஞ்சு கடல்ல சேர்ற எடம். போர்ச்சுகீசிய பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இருந்த கரை, 1578ல தம்பிரான் வணக்கம்னு தமிழ்ல அச்சுப் புத்தகம் போட்டாரே அவரு. டூரிஸ்ட் ஸ்பாட் கிடையாது, மீனவர் ஊரு, படகு, வலை, கருவாட்டு வாசம். கேட்டுட்டு போட்டோ எடுங்க.

பாசஞ்சர்_பயணி
ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் பத்தி ஒண்ணு. ஸ்டேஷன் பேரு ஸ்ரீவைகுண்டம்னாலும் இருக்கறது ஆத்துக்கு தென்கரைல புதுக்குடில, ஊர் அக்கரைல. இறங்கி ஆட்டோ புடிக்கணும்.

2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னது இங்கதான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை, தண்டவாளத்துக்கு கீழ ஜல்லி அரிச்சுட்டு போய் தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. நூத்துக்கணக்கான பேரு ரெண்டு நாளா வண்டியும் ஸ்டேஷனும்னு இருந்தாங்க. புதுக்குடி ஜனங்க, அவங்க வீட்லயே தண்ணி, இருந்த அரிசிய போட்டு கோயில்ல சமைச்சு இவங்களுக்கு குடுத்தாங்க. அந்த ஊர்ல இறங்குனா ஒரு டீயாவது குடிச்சுட்டு போங்க.

ஏரல்_மாப்ள_துபாய்
ஏரல் பாலமே அன்னைக்கு அடிச்சுட்டு போச்சு. கடைவீதி பூரா தண்ணி. நான் இங்க உக்காந்து போன் போட்டு போட்டு பாக்கேன், யாருக்கும் ரிங்கே போகல.

கோரைப்பாய்
பத்தமடைய மறந்துட்டீங்க. சேரன்மகாதேவி பக்கத்துலதான். ரோட்டோரக் கடைல தொங்குறதப் பாத்துட்டு இதுதான் பத்தமடைப் பாய்னு நினைக்காதீங்க, பாதி மெஷின் பாய், பிளாஸ்டிக் கலந்தது. நெய்யுற வீட்டுக்கு போங்க, கூட்டுறவு சங்கத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. நெய்யுறது பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க. கோரைய காய வச்சு, ஓடுற தண்ணில நாள் கணக்கா ஊறப்போட்டு, திரும்ப காய வச்சு, ஒரு கோரைய மயிரிழையா கிழிச்சு, பருத்தி நூல் இல்லேன்னா பட்டு நூல் பாவுல நெய்வாங்க. நல்ல பாயை மடிச்சு துணி மாதிரி பைக்குள்ள போட்டுக்கலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரு போட்டு நெய்யுற வழக்கம் இருக்கு, அதுக்கு முன்கூட்டியே ஆர்டர். விலைய கேட்டு ஷாக் ஆகி பேரம் பேசாதீங்க, எத்தனை நாள் வேலைன்னு கேளுங்க அப்புறம் பேசத் தோணாது.

அங்கேருந்து காருக்குறிச்சி போங்க, நாதஸ்வரம் அருணாசலம் ஊரு, மண்பாண்டத்துக்கும் பேர் போனது. பொங்கலுக்கு போறீங்கன்னா பானை சீசன். சட்டிய சுண்டிப் பாத்து சத்தம் கேட்டு வாங்கணும்.

சிறுவாணித்தண்ணி
வீட்ல எல்லாத்தையும் படிச்சு காமிச்சேனுங்க. அப்பா திருப்புடைமருதூர்ங்கறாரு, அம்மா ஆழ்வார்திருநகரிங்கறாங்க, வீட்டுக்காரம்மா பாயும் பானையும்ங்கறா. சரி இப்படி வச்சுக்கலாமாங்க: போகி அன்னைக்கு ரயில்ல அம்பை. பொங்கல் அன்னைக்கு பாபநாசம். மாட்டுப் பொங்கலுக்கு மன்னார்கோயில், பிரம்மதேசம், சாயங்காலம் திருப்புடைமருதூர். காணும் பொங்கலுக்கு அகஸ்தியர் அருவி. அடுத்த நாள் பத்தமடை வழியா திருநெல்வேலி, அப்புறம் நவதிருப்பதி ரெண்டு கரையா பிரிச்சு, நடுவுல ஆதிச்சநல்லூர், கிருஷ்ணாபுரம். கடைசில புன்னக்காயல். சரியா வருங்களா?

அம்பை_அண்ணாச்சி
நல்லா இருக்கு, ஒண்ணே ஒண்ண மாத்துங்க. காணும் பொங்கலுக்கு அருவிப் பக்கமே தலை வச்சிராதிய. சுத்துப்பட்டு ஊரு பூரா கூட்டாஞ்சோறு கட்டிக்கிட்டு ஆத்துலயும் அருவிலயும்தான் கிடக்கும், செக்போஸ்ட்ல வண்டி வரிசை நிக்கும். அருவிய போகி அன்னைக்கு சாயங்காலமே முடிச்சிருங்க, இல்லன்னா மறுநாள் விடியக்காலம். காணும் பொங்கலுக்கு கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத் தெருவுல நடங்க. குலசேகரமுடையார் கோயில் இருக்கு, அதுல 1982ல களவு போன நடராசர் ஆஸ்திரேலியால அடிலெய்டு மியூசியத்துல இருந்து 2019ல திரும்பி வந்தாரு, ஊரே திரண்டு மேளதாளத்தோட வரவேத்துச்சு. ஆதிவராகப் பெருமாள் கோயிலும் அங்கனதான்.

பெருங்குளம்_பேத்தி
பொங்கல் அன்னிக்கு ஹோட்டல் பாதி மூடியிருக்கும், இதை யாரும் சொல்லல. தங்கற எடத்துலயே காலை டிபனுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுங்கோ.

சிறுவாணித்தண்ணி
ஆகட்டுங்க. அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் நல்லாருக்கும்ங்கறாங்களே, எந்தக் கடைங்க?

அம்பை_அண்ணாச்சி
கடைப் பேரு சொன்னா பக்கத்துக் கடைக்காரன் என்னய தெருவுல நிறுத்தி கேப்பான் தம்பி, நான் நாளைக்கும் அந்தத் தெரு வழியாத்தான் போகணும். வீட்டு வாசல்ல அப்பளம் காயுற தெருவுக்குள்ள போங்க, பிரண்டை போட்டதானு கேட்டு வாங்குங்க. வாங்குனத சூட்கேஸ் அடில வைக்காதிய, கையிலயே புடிச்சுட்டு போங்க, இல்லன்னா கோயம்புத்தூர் போய் சேரும்போது நொறுங்கி மாவாத்தான் இருக்கும். அம்பை வந்ததும் இங்கயே ஒரு மெசேஜ் போடுங்க, ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லிவிடுதேன்.